முகம் காட்டினால் போதுமா?

அமெரிக்காவிலிருந்து வேலை மாற்றலாகிக் கொச்சிக்குத் திரும்பி வருகிறவருக்கு, பெட்டியைப் பிரிக்கும் முன்பே கிடைத்துவிடும் அறிவுரை ஒன்று உண்டு. “கிரீன் கார்டை மட்டும் விட்டுடாதீங்க சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் முகத்தைக் காட்டிட்டு வந்தாப் போதும், அது பாட்டுக்கு இருக்கும்.” மட்டாஞ்சேரிக் கல்யாணப் பந்தியிலும் இதைக் கேட்கலாம், காக்கநாட்டு இன்ஃபோபார்க் கேன்டீனிலும் கேட்கலாம். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று தெருவுக்கொரு பாஷை பேசும் இந்த ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்கிறவருக்கும் இனிக்கிறது. எதையும் இழக்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது என் முதல் மறுப்பு. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. கார்டை வைத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்று கூடவே சொல்லப்படும் வாலையும் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த வால்தான் பலரைக் கடித்திருக்கிறது.

இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? என் ஊகம், அது அமெரிக்காவிலிருந்து வரவில்லை, வளைகுடாவிலிருந்து வந்தது. 2023-இல் எடுத்த கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் நால்வர் வளைகுடா நாடுகளில். துபாய் விசா வைத்திருப்பவர் தொடர்ந்து 180 நாள் அந்த நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா செத்துப்போகும். கோல்டன் விசாக்காரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. குவைத்திலும் ஓமானிலும் ஆறு மாதம்தான் கணக்கு. இரண்டு தலைமுறையாக இந்தக் கரையிலுள்ள குடும்பங்கள் அந்த நாட்காட்டியை வைத்துத்தான் பிரசவத்துக்கும், அப்பாவின் அறுவை சிகிச்சைக்கும், வீடு கட்டுவதற்கும் நாள் குறித்திருக்கின்றன. 178-ஆம் நாள் விமானம் ஏறினால் வேலை முடிந்தது. அங்கே அது சரியும்கூட. உன் வீடு எங்கே, மனசு எங்கே என்று வளைகுடா நாடு எதுவும் கேட்பதில்லை, ஏனென்றால் நிரந்தரமாக இரு என்று அது யாரையும் அழைக்கவில்லை. ஸ்பான்சர் இருக்கிறவரை இரு, வேலை போனால் போ. நாள் கணக்கு மட்டும்தான் அங்கே உறவு.

அந்த நாட்காட்டியைக் கொண்டுபோய் கிரீன் கார்டின் மேல் மாட்டினார்கள். மாட்டுவதற்குத் தோதாக அமெரிக்கச் சட்டத்திலும் இரண்டு எண்கள் இருந்தன. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டால், கார்டை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது. 1996-இல் வந்த திருத்தத்தின்படி, தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தவரைப் புதிதாக அனுமதி கேட்டு வருகிறவராகவே நடத்தலாம். இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டு எண்களும் எந்த இடத்தில் அதிகாரி கூடுதலாகக் கேட்கலாம், எந்த இடத்தில் கார்டு தாளாகிவிடும் என்று மட்டுமே சொல்கின்றன. அவற்றுக்குக் குறைவாக இருந்தால் நீ பத்திரம் என்று எங்கேயும் சொல்லவில்லை. சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வெளிநாட்டுக்குப் போனது தற்காலிகமாகவா? நிரந்தர வாசம் இன்னும் அமெரிக்காவில்தானா?

இதற்கு 1975-இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஜமைக்கா நாட்டவர் ஒருவர் கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு, ஜமைக்காவிலேயே தங்கும் விடுதி நடத்திவந்தார். வருடத்தில் ஏறக்குறைய பதினொரு மாதம் அங்கே, ஒரு மாதம் அமெரிக்காவில். ஓர் ஆண்டுக்கு மேல் அவர் வெளியே இருந்ததே இல்லை. நாட்காட்டிப்படி எல்லாம் சரி. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் கேன் என்ற அந்த வழக்கில், அவர் நிரந்தர வாசத்தைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் தீர்த்தது. அந்தஸ்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் போதாது. வீடும் தொழிலும் எங்கே என்று பார்ப்போம் என்றது. முகம் காட்டல் சித்தாந்தத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட மரணச் சான்றிதழ் அது. இன்னும் யாரும் அதை வாங்கிப் படித்ததாகத் தெரியவில்லை.

வேலைக்காகப் போனவர்களுக்கு இன்னும் நெருக்கமானது 1988-இன் ஹுவாங் வழக்கு. கணவருக்கு ஜப்பானில் வேலை. மனைவியும் பிள்ளைகளும் அவரோடு அங்கே. அமெரிக்காவுக்கு அவ்வப்போது சின்னச் சின்ன வருகைகள். அதுவும் கைவிடல் என்றே முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தற்காலிகம் என்றால் என்ன என்று ஓரளவு தெளிவாகச் சொல்லியிருந்தது: போகும்போதே முடிவு தெரிந்த குறுகிய பயணமாக இருக்க வேண்டும்; அல்லது, குறுகிய காலத்தில் நடந்துவிடக்கூடிய ஏதோ ஒரு நிகழ்ச்சியோடு முடிவதாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் தீர்வது, படிப்பு முடிவது, அம்மா குணமாவது, இப்படி. “பார்ப்போம், எப்படிப் போகுதுன்னு” என்பது அந்த வரையறைக்குள் அடங்காது.

இப்போது நம்ம ஊர்க்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நியூஜெர்சியில் பன்னிரண்டு வருடம், கையில் மூன்று வருடக் கிரீன் கார்டு. கம்பெனி கொச்சியில் ஆள் எடுக்கிறது, இவர் இங்கத்திய சம்பளப் பட்டியலில் சேர்ந்துவிட்டார். அங்கத்திய வீட்டை விற்றாயிற்று, காரையும் விற்றாயிற்று. பிள்ளைகள் ஃபோர்ட் கொச்சியில் பள்ளிக்கூடம் போகிறார்கள். மட்டாஞ்சேரியில் அப்பாவின் பழைய வீட்டைப் பிரித்து மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பத்து நாள், மைத்துனர் வீட்டு சோபா. எல்லையில் அதிகாரி கேட்கப்போவது அதிகமில்லை: எங்கே வேலை, எங்கே வீடு, போன தடவை எத்தனை நாள் இருந்தீர்கள், திரும்புகிற டிக்கெட் எந்தத் தேதிக்கு? இந்த நான்குக்கும் உண்மையான பதிலைச் சொன்னாலே கதை முடிந்தது. அதனால்தான் முகம் காட்டுகிறவர்கள் விமானத்தில் உட்கார்ந்து பதில்களை ஒத்திகை பார்க்கிறார்கள். ஒத்திகை பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் ஒருவரை எங்கே நிறுத்துகிறது என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அபுதாபி விமான நிலையத்திலேயே நடக்கிறது, 2014 முதல். அமெரிக்க மண்ணில் கால் வைத்தவருக்குள்ள பிடிமானம் அங்கே கிடையாது. அமெரிக்காவில் இறங்கியவரிடம் அதிகாரி ஐ-407 என்ற படிவத்தை நீட்டி, அந்தஸ்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால், மாட்டேன், நீதிபதி முன் நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை உண்டு. அந்த நீதிபதி முன், கைவிட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அரசின் மேல்தான். அதற்கு வலுவான சாட்சியமும் வேண்டும். இதை நான் மறைக்கவில்லை. சட்டம் கிரீன் கார்டுக்காரரை ஒரேயடியாக நட்டாற்றில் விடுவதில்லை. ஆனால் நீதிமன்றத்தில் போராடிக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது ஒன்று, முகம் காட்டினால் போதும் என்பது வேறு.

“எங்க சித்தப்பா பத்து வருஷமா இப்படித்தான் போய்ட்டு வர்றார், ஒண்ணும் ஆகலையே?” இதுதான் அடுத்த வாதம். ஆகாமல் இருந்திருக்கலாம். எல்லையில் ஓர் அதிகாரி உள்ளே விட்டது தீர்ப்பாகாது. அன்றைக்கு அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, அல்லது வரிசை நீளமாக இருந்தது. சித்தப்பாவின் கோப்பு உண்மையாகத் திறக்கப்படுவது அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில். பழைய பயணங்கள் அப்போது மேசைக்கு வரும். ஐந்து வருடத் தொடர் வாசம், அதில் குறைந்தது 30 மாதம் உடலோடு அமெரிக்காவில் இருப்பு, ஆறு மாதத்தைத் தாண்டிய பயணம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம். இடையில் அந்தஸ்தே கைவிடப்பட்டதா என்ற கேள்வியையும் அங்கே எழுப்பலாம். பத்து வருடம் முகம் காட்டியவர் அந்த மேசைக்குப் போவதே இல்லை, போக முடியாது. அப்படியானால் எதற்காக அந்தப் பத்து வருடம்?

இந்த வழக்கத்துக்குப் பண்பாட்டுச் சாயம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். மட்டாஞ்சேரியே இரண்டு வீட்டுக்காரர்களின் ஊர், நாமும் அந்த மரபில் வந்தவர்கள்தானே என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. குஜராத்தி ரோட்டில் கச்சிலிருந்து வந்த வணிகர்கள், செரளாயியில் கோவாவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஓடிவந்த கொங்கணிகள், வெளி என்னும் பகுதியிலுள்ள தோபி கானாவில் தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார்கள், 1568-இல் ஜெபாலயம் கட்டிய பரதேசி யூதர்கள். இவர்கள் யாரும் முகம் காட்டிப் பிழைத்தவர்கள் அல்லர். மிளகு வியாபாரி கச்சில் வீடு வைத்திருந்தாலும் அவர் கணக்குப் பேரேடு இங்கே இருந்தது, கடன் இங்கே இருந்தது, மூட்டை எடை போட அவர் உடம்பும் இங்கே இருந்தது. யூதர்கள் 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போனபோது போனார்கள், இருந்தவர்கள் இருந்தார்கள். ஜூ டவுனில் தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்திருந்த சாரா கோஹன், சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பின்னும் தங்கி, 2019-இல் 96 வயதில் இங்கேயே இறந்தார். அவர் வீட்டு ஜன்னலைப் படம் எடுக்கப் போகிற நாம், அந்தத் தெருவின் மரபை நம் விமானப் பயணப் புள்ளிகளுக்குச் சாட்சியாக அழைப்பது கொஞ்சம் அதிகம்.

வேலைக்காகத் திரும்பி வருகிற எல்லோரும் கார்டைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிறவர் இருக்கிறார். அவருக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது: ரீ-என்ட்ரி பெர்மிட். ஐ-131 படிவம், அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், கைரேகையும் அங்கேயே. பொதுவாக இரண்டு வருடம் செல்லும். நீட்டிக்க முடியாது; மறுபடி வேண்டுமென்றால் மறுபடி போய் அங்கிருந்து புதிதாகக் கேட்க வேண்டும். கார்டு கிடைத்த பிறகு, கடைசி ஐந்து வருடத்தில் நான்கு வருடத்துக்கு மேல் வெளியிலேயே இருந்தவருக்கு ஒரு வருடம்தான் தருவார்கள். அது கையில் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. ஆனால் போகும்போதே திரும்பும் எண்ணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் என்ற சாட்சியாக அது நிற்கும். அதோடு தேதி போட்ட ஒப்பந்தம், அங்கே விற்காமல் வாடகைக்கு விட்ட வீடு, தொடர்ந்து அங்கத்திய வாசியாகவே தாக்கல் செய்த வருமான வரி, இவை சேர்ந்தால் ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்க நிறுவனத்தின் வெளிநாட்டு வணிகத்துக்காக அனுப்பப்படுகிறவர்கள் குடியுரிமைக்கான தொடர் வாசத்தைக் காத்துக்கொள்ள என்-470 என்ற இன்னொரு படிவம் உண்டு. அதற்கும் கார்டு கிடைத்தபின் ஒரு வருடம் இடைவிடாமல் அங்கே இருந்திருக்க வேண்டும், அது ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு மாற்றும் ஆகாது. கல்யாணப் பந்தி அறிவுரையில் இந்த இரண்டு படிவத்தின் பெயரும் வருவதே இல்லை. காரணம், இவை “நான் இத்தனாம் தேதி திரும்புவேன்” என்று சொல்லக் கட்டாயப்படுத்துகின்றன. நம்மவர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லத்தான் மனம் வருவதில்லை.

இனி அந்த வாலுக்கு வருவோம். வைத்திருப்பதில் நஷ்டமில்லையாம்.

கிரீன் கார்டுக்காரர் உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அமெரிக்க வருமான வரித் துறைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். காக்கநாட்டுச் சம்பளம், மட்டாஞ்சேரி வீட்டு வாடகை, பெடரல் வங்கி வட்டி, எல்லாம். இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பலருக்குக் கையிலிருந்து பெரிதாகப் போகாது; அதை ஒத்துக்கொள்கிறேன். போவது வேறு. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் அபராதம் வரியைவிடப் பெரியதாக இருக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிற சாதாரண மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்கச் சட்டம் செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனமாகப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஒரு படிவம், விற்கும்போது உச்ச விகித வரி, அதற்கு வட்டி. கொச்சியில் வேரூன்றி, பிள்ளையின் படிப்புக்குச் சேமிக்கத் தொடங்குகிற மனிதர் ஒவ்வொரு மாதமும் இந்தச் சிக்கலைத் தானே பணம் கட்டி வளர்க்கிறார். ஊரில் உள்ள நல்ல ஆடிட்டர்களிலேயே பலர் இதைக் கையால் தொட மாட்டார்கள்; அமெரிக்காவில் ஒரு கணக்காளருக்கு டாலரில் அழ வேண்டும்.

சரி, வரி ஒப்பந்தம் இருக்கிறதே, இந்தியவாசி என்று சொல்லி விலகிக்கொள்ளலாமே என்று அடுத்த புத்திசாலி சொல்வார். சொல்லலாம். அப்படித் தாக்கல் செய்த தாள், நான் அமெரிக்கவாசி இல்லை என்று நீங்களே கையெழுத்திட்ட வாக்குமூலம். எல்லையில் ஒன்று, வரிப் படிவத்தில் வேறொன்று. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்குக் கேட்கும் படிவத்திலும் ஒரு வழி இந்தியாவில் உறுதியாகக் குடியிருக்கிறேன் என்று சொல்லச் சொல்கிறது. அதே கையால் “தற்காலிகமாக வெளியே இருக்கிறேன்” என்று விமான நிலையத்தில் சொல்ல வேண்டும். இந்த இரட்டை வாழ்க்கைக்கு ஆலோசனைக் கட்டணமும் உண்டு.

இதைவிட மோசமான மூலை ஒன்றிருக்கிறது, அது எட்டு வருடக் கணக்கு. கடைசி 15 வருடங்களில் 8 வருடங்கள் கார்டு வைத்திருந்தவர் அதை விடும்போது, குடியுரிமையைத் துறப்பவருக்குள்ள வெளியேற்ற வரி விதிகளுக்குள் வந்துவிடுகிறார். டிசம்பர் கடைசியில் கார்டு கிடைத்திருந்தால் அந்த வருடமும் ஒரு வருடமாக எண்ணப்படும். உலகச் சொத்து 20 லட்சம் டாலரைத் தொட்டால், எல்லாவற்றையும் விற்றதுபோல் பாவித்து வரி. அவ்வளவு சொத்து நமக்கேது என்று சிரிக்க வேண்டாம். கடந்த ஐந்து வருட வரிக் கடமையை முழுதாகச் செய்தேன் என்று உறுதி கூற முடியாதவரும், சொத்து எவ்வளவு குறைவானாலும், அதே வலையில் விழுவார். எஸ்.ஐ.பி. படிவத்தை மறந்தவர் எப்படி உறுதி கூறுவார்? ஆக, மூன்று வருடக் கார்டோடு வந்து, விட்டுவிடாமல் முகம் காட்டி முகம் காட்டி எட்டாவது வருடத்துக்குள் நுழைகிறவர், எளிதாக வெளியேறக்கூடிய கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறார்.

இந்தியப் பக்கமும் அவருக்கு நிழல் இல்லை. இங்கே வேலையில் சேர வந்தவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியவாசிதான். கிரீன் கார்டு இருக்கிறது என்று, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருப்பது தவறு. அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், டாலரை வைத்துக்கொள்ள ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்கிறது. நீண்ட காலம் வெளியே இருந்து வந்தவருக்கு இந்திய வருமான வரிச் சட்டம் முதல் சில வருடம் வெளிநாட்டு வருமானத்தில் சலுகை தருகிறது. கார்டு கையில் இருப்பவர் அந்தச் சலுகையை இங்கே வாங்கி, அதே வருமானத்துக்கு அங்கே கட்டுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, “எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்” என்பார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தால் அது அமெரிக்கக் குடிமகன். அப்பா கார்டை விட்டாலும் வைத்தாலும் அதற்கு ஒன்றும் குறையாது. 21 வயதில், விரும்பினால், அதுவே பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம். அந்த வகைக்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பும் இல்லை. இந்தியாவில் பிறந்து பெற்றோரோடு கார்டு வாங்கிய பிள்ளையின் கதைதான் கவலைக்குரியது. 1980-இல் ஸமோரா வழக்கில் சொல்லப்பட்டது இது: பெற்றோர் கைவிட்டால், கூடவே போன மைனர் பிள்ளையும் கைவிட்டதாகவே கொள்ளப்படும். பிள்ளைக்குத் தனியாக எண்ணம் இருந்ததா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பதினேழு வயதில் அங்கே கல்லூரிக்குப் போகும்போது கார்டு உதவும் என்று நம்பிப் பத்து வருடம் முகம் காட்டுகிற பெற்றோர், பிள்ளையின் கையில் கொடுப்பது கேள்விக்குறி உள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டை.

ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலைகுனிந்து பதில் சொல்ல வேண்டும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் வருட ஒதுக்கீட்டில் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை. அதனால் வேலை வழியில் கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியர்களின் வரிசை பத்து, பதினைந்து வருடம் என்று நீள்கிறது. வாலிபத்தை அந்த வரிசையில் கழித்துவிட்டு வாங்கியதை எப்படி விட மனம் வரும்? வராது. அந்த வலி நிஜம். ஆனால் அந்த வலிக்கு நேர்மையான மருந்து முகம் காட்டல் இல்லை. ஐந்தாண்டு அங்கே இருந்து குடியுரிமை வாங்கிக்கொண்டு வருவதுதான். குடிமகன் எத்தனை வருடம் மட்டாஞ்சேரியில் இருந்தாலும் யாரும் எதுவும் கேட்க முடியாது, ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொண்டு இங்கே வாழலாம், வேலை பார்க்கலாம். விலை உண்டு: இந்தியக் கடவுச்சீட்டு போகும், ஓட்டுப் போகும், புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது, அமெரிக்க வரிக் கணக்கு ஆயுளுக்கும் தொடரும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் மூன்றாவது வருடத்தில் கம்பெனி மாற்றல் கொடுத்ததும் கிளம்பி வந்துவிட்டு, மீதி இரண்டு வருடத்தின் பலனை விமான டிக்கெட்டால் வாங்கிவிடலாம் என்று நினைப்பதுதான் இந்த ஊர் அறிவுரை செய்யும் கெடுதல். இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு வா, அல்லது விட்டுவிட்டு வா என்று சொல்ல வேண்டிய நேரத்தில், இரண்டும் வேண்டாம் என்கிறது அது.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே வாதாட அதிகம் இல்லை. கனடா மனசைக் கேட்பதில்லை, எண்ணுகிறது: ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் 730 நாள். வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பதினைந்து நாள் போய் முகம் காட்டுகிறவருக்கு ஐந்து வருடத்தில் சேர்வது 150. கனடா நிறுவனத்தில் வேலை என்றால் வெளிநாட்டு நாளும் கணக்கில் சேரும் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. அந்த நிறுவனம் அங்கிருந்து முழுநேரப் பணிக்காக அனுப்பியிருக்க வேண்டும், கொச்சிக் கிளையில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு அது பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடப் பயண அனுமதி தீர்ந்ததும் திரும்பும் விசா வேண்டும். அதற்குப் பொதுவாகக் கடைசி ஐந்தில் இரண்டு வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால் நிரந்தர அனுமதி தானாகவே தீரும். சிங்கப்பூரில் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியே இருந்தால் நிரந்தர வாசம் போகலாம். மகன் இருக்கிற வீட்டில் ராணுவச் சேவைக் கணக்கும் கூடவே வரும். அமெரிக்காவையும் சேர்த்து ஐந்து நாட்டுக்கும் ஐந்து விதி. நம்மூரில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி, அதுவும் துபாய் விதி.

நிஜமாகவே திரும்பி வந்துவிட்டவர் செய்ய வேண்டியது சின்ன வேலை. நான் மேலே சொன்ன அதே ஐ-407 படிவம். யாரும் நீட்டும்வரை காத்திருக்க வேண்டாம்; கட்டணம் இல்லை, இங்கிருந்தே தபாலில் அனுப்பலாம். கார்டைப் பெட்டியில் போட்டுக் காலாவதியாக விட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. அட்டையின் தேதி தீர்ந்தாலும் வரிக் கடமை தீராது. முறைப்படி விட்ட நாளில்தான் அது நிற்கும். எட்டாவது வருடம் பிறப்பதற்குள் அனுப்புவது நல்லது.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கோ பிள்ளையின் பட்டமளிப்புக்கோ போக விசிட்டர் விசா மறுத்துவிடுவார்களே என்று பயப்படுகிறார்கள். மறுக்கலாம், யாரும் உறுதி தர முடியாது. ஆனால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகக் கவுண்டரில் கேட்கப்போவதும் அதே கேள்விகள்தான்: எங்கே வேலை, எங்கே வீடு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எப்போது திரும்புவீர்கள்? கார்டோடு எல்லையில் நின்றபோது அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன காக்கநாட்டு வேலையும், மட்டாஞ்சேரியில் மாடி எழும்பிய வீடும் இங்கே அவருக்காகப் பேசும்.